அழித்த வரிகளின் கணக்கு

வருடக் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். "இந்த ஆண்டு நீங்கள் செய்த மூன்று முக்கியமான வேலைகள்" என்று கேட்டு, கீழே ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த உடனே பன்னிரண்டு மாதமும் துடைத்துவிட்டது போல மறந்துபோகும். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். அதனால் நான் என்னை நம்புவதில்லை, நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைக் கேட்டுவிடுவேன். என் பெயரில் எத்தனை கமிட் (ஒரு தடவையில் பதிந்த மாற்றம்), எத்தனை வரி சேர்ந்தது, எத்தனை வரி போனது என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடும்.

2025-க்கு அது சொன்ன கணக்கு இது: சேர்த்தது 11,380 வரி, நீக்கியது 19,742 வரி.

பதினாறு வருடமாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். போட்டதைவிட எடுத்தது அதிகமாக இருப்பது இதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் பெருமையாகக்கூட இருந்தது. பழைய குப்பையைக் கூட்டித் தள்ளியிருக்கிறோம், வீடு சுத்தமாகியிருக்கிறது என்ற மாதிரி. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: நீக்கிய கணக்கில் இருக்கும் 214 வரி, சேர்த்த கணக்கிலும் இருக்கிறது. எடுத்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தது. அதற்கும் சேர்த்துத்தான் கிட் எனக்குக் கூலி போட்டிருக்கிறது.

அந்த 214 வரியைப் பற்றிச் சொல்லாமல் 2025-ஐப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

மார்ச் மாதம் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. நான் பழைய கணக்கியல் தொகுதியைத் திறந்து, யாரும் பயன்படுத்தாத ஃபங்ஷன்களை, அதாவது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்த நிரல் துண்டுகளை, ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டிருந்தேன். இது எனக்குப் பிடித்த வேலை. எடிட்டரில் ஒரு பெயரைத் தொட்டால் அது எங்கெங்கே அழைக்கப்படுகிறது என்று பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் அது செத்த நிரல். அப்படி ஒன்று சிக்கியது. 214 வரி, நீளமானது, பார்க்கவே அலுப்பூட்டுவது. எடிட்டர் "பயன்பாடு இல்லை" என்றது. எங்கள் நிரல் எல்லாம் இருக்கும் முழுக் களஞ்சியத்திலும் பெயரைத் தேடினேன், அது எழுதப்பட்டிருக்கும் இடம் மட்டும்தான் வந்தது. ஏஐ உதவியாளரையும் கேட்டேன். அதுவும் மரியாதையாக, நம்பிக்கையாக, "இது எங்கும் அழைக்கப்படவில்லை, நீக்கலாம்" என்றது. சோதனைகள் எல்லாம் பச்சை. நீக்கினேன். ரிவ்யூ செய்தவர் கட்டை விரலை உயர்த்தும் படம் ஒன்றைப் போட்டார். இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய். யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தாண்டிப் பத்தாவது நிமிடம் காலாண்டுக் கணக்கை மூடும் வேலை தானாக ஓடத் தொடங்கும். அன்று ஆன்-காலில், அதாவது எந்த நேரத்தில் கோளாறு வந்தாலும் கவனிக்கும் முறையில், இருந்தவர் எங்கள் குழுவின் இளையவர், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரிடமிருந்து போன்.

"அண்ணா, முழிச்சிருக்கீங்களா? எல்லா அக்கவுண்டும் பூட்டிக் கெடக்கு. யாராலயும் உள்ள எதுவும் பதிய முடியல."

தேதியைப் பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் குரல் விளையாடுகிற குரலாக இல்லை.

நடந்தது இதுதான். அந்த வேலைக்கு இரண்டு படி. முதல் படி, எல்லாக் கணக்குகளையும் பூட்டும். இரண்டாவது படி, காலாண்டை மூடி, பூட்டைத் திறந்துவிடும். பூட்டுகிற படி ஓடிவிட்டது. திறக்கிற படி இருக்கும் ஃபங்ஷனைக் காணோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப முயன்று, லாக் என்ற பதிவேட்டில் அதே வரியைப் பதிந்துகொண்டிருந்தது: "அப்படி ஒரு பெயர் இல்லை." அதை அழைத்தது எந்த நிரல் வரியும் இல்லை. தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரு பத்தியில் "குளோஸ்", இன்னொரு பத்தியில் "குவார்ட்டர்". இரண்டையும் ஒட்டி, வருகிற பெயரைக் கூப்பிடும் அமைப்பு. நிரலில் எங்கே தேடினாலும் அந்தப் பெயர் முழுதாகக் கிடைக்காது. எடிட்டருக்குத் தெரியாது, ஏஐக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதியும் வைத்திருந்தார்.

அந்த ஃபங்ஷனின் பெயரைக் கிட்டின் வரலாற்றில் தேடியபோது இரண்டே கமிட் வந்தன. ஒன்று, மார்ச்சில் நான் நீக்கியது. என்னுடைய செய்தி இரண்டு சொல், "செத்த நிரல்". இன்னொன்று 2019 அக்டோபர், அதை உருவாக்கியது. அந்தச் செய்தி பதினொரு வரி. சுருக்கமாக, இதை நேரடியாக யாரும் அழைப்பதில்லை, பெயர் அட்டவணையிலிருந்து ஒட்டப்படுகிறது, தேடினால் கிடைக்காது, எடுப்பதற்கு முன் அந்த அட்டவணையைப் பாருங்கள் என்று இருந்தது. அட்டவணையின் பெயர்கூட இருந்தது. இரவு அந்த நேரத்தில் அதைப் படித்தபோது ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஆள் என் தோளைத் தட்டி, "தம்பி, சொன்னேனா இல்லையா" என்று கேட்பது போல இருந்தது.

இதை ஏன் நிரலுக்கு மேலேயே கமென்ட்டாக, அதாவது படிப்பவர்களுக்கான குறிப்பாக, எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. எழுதியிருந்தார். 2022-ல் நடந்த ஒரு சுத்தப்படுத்தும் வேலையில், "தேவையில்லாத கமென்ட்டுகள்" என்ற பெயரில் அதையும் சேர்த்து அடித்துத் தள்ளியிருக்கிறோம். அந்தக் கமிட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

எல்லாம் சீராக 3 மணி 40 நிமிடம் ஆனது. நீக்கியதைத் திரும்ப வைப்பது எளிது. பாதிப் பூட்டும் பாதித் திறப்புமாகக் கிடந்த கணக்குகளை வரிசையாகச் சரிபார்ப்பதில்தான் நேரம் போனது. விடிந்ததும் நடந்த கூட்டம், அதில் எழுதிய அறிக்கை, "மூல காரணம்" என்ற தலைப்பின் கீழே என் பெயரைப் போடாமல் என்னைப் பற்றி எழுதிய பத்தி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது தெரியும், இல்லாதவர்களுக்கு அலுக்கும்.

அந்த 2019 கமிட்டை எழுதியவர் அப்போது எங்களுடன் இல்லை. ஜனவரியில் போய்விட்டார். போய்விட்டார் என்பது நாகரிகத்துக்குச் சொல்வது, அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு, அவ்வளவுதான். அது முடிவதற்குள் அவருடைய மடிக்கணினி தன்னைத் தானே பூட்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். மாலைக்குள் அரட்டைப் பட்டியலில் அவர் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம். அவர் எழுதிய ஆவணங்களில் ஆசிரியர் பெயருக்குப் பதில் "செயலிழந்த பயனர்" என்று மாறியிருந்தது. ஒரு மனிதரை ஒரு நிறுவனத்திலிருந்து இவ்வளவு வேகமாகத் துடைக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் கிட்டிலிருந்து அவரைத் துடைக்க முடியவில்லை. இது ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை, கிட்டின் அமைப்பே அப்படி. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது, கோப்புகளின் நிலை, முந்தைய கமிட்டின் எண், எழுதியவர் பெயர், நேரம், செய்தி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து எடுக்கும் எண். எழுதியவர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறும்; அது மாறினால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை கமிட்டின் எண்ணும் மாறும். 2019-ல் ஒரு பெயரை அழிக்க வேண்டுமென்றால் அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் செய்த வேலையை எல்லாம் புதிதாக எழுத வேண்டும். மனிதவளத் துறைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே அவர் அங்கேயே இருக்கிறார்.

கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் முதல் கமிட்டைப் போட்டது 2005 ஏப்ரல் 7. அதாவது, எங்கள் விபத்து நடந்து ஆறாவது நாள் கிட்டுக்கு 20 வயது நிறைந்தது. அந்த முதல் கமிட்டின் செய்தியில் அவர் அதை "நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர்" என்று கிண்டலாக அறிமுகப்படுத்தியிருப்பார். பாருங்கள், அந்தக் கிண்டலும் அழியாமல்தான் இருக்கிறது.

அந்த 2019 கமிட்டை எழுதிய பழைய நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நடந்ததைச் சொல்லி, "உங்க கமிட் மெசேஜ்தான் காப்பாத்துச்சு" என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் எழுதினேன்." அடுத்து ஒரு வரி: "நீங்களும் மொதல்ல படிக்கலயே." சிரிக்கும் முகம் எதுவும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஏப்ரலுக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் எதையும் நீக்கவே பயந்தேன். செத்த நிரலைப் பார்த்தாலும் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் அதுவும் தப்பு என்பதற்கு இந்தத் தொழிலில் பெரிய சாட்சியம் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புது நிரலை எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, ஒன்று விட்டுப்போயிற்று. புது நிரல் ஒரு பழைய சுவிட்சை வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. விட்டுப்போன எட்டாவது பெட்டியில் அந்தச் சுவிட்ச், பல வருடமாக யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய நிரலை எழுப்பிவிட்டது. அது நிற்காமல் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. அவர்கள் நீக்காமல் விட்டதால் செத்தார்கள், நான் நீக்கியதால் மாட்டினேன். இரண்டு இடத்திலும் அந்த வரிகள் எதற்கு இருக்கின்றன என்று அன்று யாரும் படித்துப் பார்த்திருக்கவில்லை.

ஜூன் வாக்கில் மறுபடி நீக்கத் தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் வரலாற்றைப் படித்துவிட்டு. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று ஃபங்ஷனுக்கு மேல் நகராது. மேலாளருக்கு இது வேலையாகவே தெரியவில்லை. எனக்கு வருடத்திலேயே மன நிறைவாக இருந்த வாரங்கள் அவைதான்.

நான் படிக்கத் தொடங்கிய அதே சமயம், சுற்றிலும் எழுதுவது தண்ணீராக ஓடத் தொடங்கியிருந்தது. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரே கர்பாத்தி "வைப் கோடிங்" என்று ஒரு பெயர் வைத்தார், அதாவது நிரலைப் படிக்காமல், ஏஐ தருவதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓட்டுவது. வார இறுதியில் தூக்கிப் போடுகிற சின்னத் திட்டங்களுக்கு என்றுதான் அவர் சொன்னார். பெயர் அதோடு நிற்கவில்லை. எங்கள் குழுவில் அதற்கு முன்பு ஒரு புல் ரிக்வெஸ்ட் (மற்றவர் படித்து ஒப்புதல் தர அனுப்பும் மாற்றம்) என்றால் நூறு, நூற்றைம்பது வரி. ஜூலைக்குள் அறுநூறு, எண்ணூறு சாதாரணமாகிவிட்டது. எழுதியவருக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும், படிக்கிறவருக்கு ஒரு மதியம் வேண்டும். முன்பெல்லாம் நிரல் பார்க்க அலங்கோலமாக இருந்தால் எழுதியவர் தடுமாறியிருக்கிறார் என்று தெரியும், அங்கே நின்று படிப்போம். இப்போது எல்லாமே பளிச்சென்று இருக்கிறது. தப்பும் பளிச்சென்று இருக்கிறது.

செப்டம்பரில் அப்படி ஒன்று என் கண் வழியாகவே போனது. சிறிய திரைகளில் பயனரின் படத்துக்குக் கீழே பெயரை 7 எழுத்துக்குள் காட்ட வேண்டும் என்று ஒரு தேவை. அறுநூறு வரிக்கு நடுவே ஒரு வரி: பெயரின் முதல் 7 குறிகளை வெட்டி எடு. நான் பார்த்தேன், ஒப்புதல் கொடுத்தேன். பத்து நாளில் ஒரு புகார் வந்தது. பயனரின் உண்மைப் பெயரை இங்கே எழுத மாட்டேன், மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். திரையில் "மீனாட்ச" என்று வருகிறதாம். "என் பெயர் என்ன தப்பு செய்தது?" என்று கேட்டிருந்தார்.

மீ, னா, ட், சி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் நான்கு எழுத்து என்று சொல்லும். வரம்பு ஏழு. வெட்டவே தேவையில்லாத பெயர். ஆனால் கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர்மெய் என்பது அங்கே மெய்யின் அகர வடிவமும் அதற்குப் பின்னால் ஒரு துணைக்குறியும். ம, ஈகாரக் குறி, ன, கால், ட, புள்ளி, ச, கொக்கி: மொத்தம் எட்டு. ஏழில் வெட்டினால் கடைசிக் கொக்கி விழுந்து "சி" வெறும் "ச" ஆகிவிடும். நல்லவேளை பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) கணக்கில் வெட்டவில்லை. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 20 பைட்டில் வெட்டியிருந்தால் "மீனாட்" வந்து, பின்னால் கேள்விக்குறி போட்ட வைரக்கட்டம் ஒன்று நின்றிருக்கும்.

இதை ஏஐ எழுதியது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அதைப் படித்து ஒப்புதல் கொடுத்தது தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்த நான். இந்தக் குழுவிலேயே அந்த ஒரு வரியைப் பார்த்ததும் துள்ளி எழுந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கு எது தெரியுமோ அதே இடத்தில் வழுக்கியிருக்கிறேன். ஏப்ரலைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, சேதம் இத்தனூண்டு என்றாலும்.

திருத்தம் சின்னது. எழுத்துகளை மனிதர் எண்ணுகிற மாதிரியே பிரித்துத் தரும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது. அதோடு சோதனைக்காகச் சில பெயர்களைச் சேர்த்தபோது இன்னொன்றும் சிக்கியது. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே "கொ". கணினிக்கு வேறு வேறு. எங்கள் தேடுபெட்டியில் கொற்றவை என்று ஒரு விதமாகத் தட்டினால், இன்னொரு விதமாகப் பதிந்த கொற்றவை கிடைக்கவில்லை. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ. அதையும் சரிசெய்தேன். யாரும் புகார் செய்ததில்லை. பேசாமல் வேறு விதமாகத் தேடிக்கொண்டு போயிருப்பார்கள் போல.

ஏஐ வந்ததால் நான் வேகமாகியிருக்கிறேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. திறந்தமூலத் திட்டங்களில் அனுபவமுள்ள 16 பேர், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த களஞ்சியங்களில், 246 வேலைகள். ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தது. வேடிக்கை அதில்லை. வேலையெல்லாம் முடித்த பிறகும் அவர்கள், ஏஐயால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்றே நம்பினார்கள். ஆய்வு சின்னது, கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன, எல்லோருக்கும் எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடிகாரமும் மனசும் எதிரெதிராகச் சொல்லும் அந்த இடத்தை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம் குறித்துப் பார்த்தேன். புது மொழியில் ஒரு கருவி எழுதியபோது ஏஐ என் மூன்று நாளை ஒரு நாளாக்கியது, சத்தியமாக. எங்கள் பழைய கணக்கியல் தொகுதியில் அதே ஏஐ, எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை என்னிடமே திரும்பச் சொல்லி, அதைத் திருத்தவும் என்னையே உட்கார வைத்தது. இரண்டு நாளும் மாலையில் எழுந்தபோது ஒரே மாதிரி, நிறைய வேலை செய்த உணர்வுதான்.

மற்றபடி வருடம் ஓடியது. பதவி உயர்வு வரும் என்றார்கள், வரவில்லை. நாற்காலியை மாற்றினேன், முதுகு வலி பாதி குறைந்தது. ஒரு புது நிரல் மொழி கற்றுக்கொள்வதாக ஜனவரியில் எடுத்த சபதம், இரண்டாவது அத்தியாயத்தில் பக்க அடையாளம் வைத்தபடி கிடக்கிறது.

இளையவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் இரவுக்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்னும் அதன் வரலாற்றைத் திறந்து, அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வருவார். நான் சொல்லித் தரவில்லை. எனக்கே அது வாய்க்கவில்லையே. நவம்பரில் ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணா, இவரு யாரு? இவரு எழுதின மெசேஜ் மட்டும் கதை மாதிரி இருக்கு" என்று கேட்டார். நான் நண்பரின் பெயரைப் பார்த்துவிட்டு, இங்கே இருந்தவர் என்றேன். அவர் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அரட்டைப் பட்டியலில் அந்தச் சாம்பல் வட்டத்தைத் தேடிப் பார்த்தாரா, தெரியாது.

படிவத்தை டிசம்பர் 30 அன்றுதான் அனுப்பினேன். மூன்று முக்கிய வேலைகள் என்ற பெட்டியில், வெளியான இரண்டு வசதிகளையும் ஒரு வேக மேம்பாட்டையும் எழுதினேன். நீக்கிய வரிகளைப் பற்றி எழுதவில்லை. அதற்கு அங்கே பெட்டி இல்லை.

காலாண்டு வேலை ஜூலை 1-ல் ஓடியது, அக்டோபர் 1-ல் ஓடியது. இரண்டு முறையும் ஒழுங்காகத்தான் முடிந்தது. ஃபங்ஷனுக்கு மேலே நண்பரின் பழைய கமென்ட்டை வரலாற்றிலிருந்து எடுத்து எழுத்து மாறாமல் திரும்ப வைத்திருக்கிறேன். ஒரு சோதனையும் எழுதியாகிவிட்டது: அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்ப்பது, பத்தே வரி. அதனால் ஜனவரி 1-ல் நான் விழித்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆன்-காலும் எனக்கு இல்லை.

ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூடிசி 00:10. பூட்டுகிற படி தொடங்கியது. திரையின் மூலையில் அதே பக்கத்தை இன்னொருவரும் திறந்து வைத்திருப்பதாகக் காட்டியது. இளையவர்.

"நீங்களுமா அண்ணா?" என்று எழுதினார்.

"சும்மா பாக்குறேன்."

"நானும் சும்மாதான்."

இரண்டாவது படி ஓடி, பூட்டுகள் திறந்தன. மொத்தம் 4 நிமிடம் 12 வினாடி. அவர் போய்விட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம், அடுத்த வரி எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன்.